குரங்கணிச் சுற்று: அனுபவம் கேட்டு அனுமதி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேனி மாவட்டம் குரங்கணியில் ஏறி, நடுவழியில் உள்ள சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற இடம் வழியாக, மூணாறு பக்கம் மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷன் போய், அங்கிருந்து முகட்டை ஒட்டியே கொழுக்குமலை வந்து, மறுபடி குரங்கணிக்கே இறங்குகிற மலைச் சுற்றைப் பற்றி எழுதுகிறேன். வீடியோ பார்த்துவிட்டு இதற்கு ஆசைப்படுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்கத்தான் ஆசை என்றால் சூரியநெல்லியிலிருந்து ஜீப் இருக்கிறது, தாராளமாகப் போய் வாருங்கள். இந்தச் சுற்று வேறு.

மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கோட்டகுடிக்கு இறக்க அந்தக் காலத்தில் கம்பிவடம் (ரோப்வே) கட்ட வேண்டியிருந்தது என்றால் சரிவு எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் மாந்தோப்பும் இலவ மரமுமாக ஒரே வெக்கை, மேலே 2,000 மீட்டரைத் தாண்டினால் ஆளைத் தள்ளுகிற காற்று. மேகம் இறங்கிவிட்டால் பத்தடி முன்னால் போகிறவர் தெரியமாட்டார், காட்டுமாடு போன தடமும் பாதை மாதிரியே பிரிந்து போகும். ஏற்றத்தைவிட இறக்கம்தான் மோசம். பொடிக்கல் காலடியில் உருள உருள முழங்கால் நடுங்க ஆரம்பித்துவிடும், அப்புறம் அவசரத்துக்கு வேகமாக நகர வேண்டும் என்றால் கால் கேட்காது.

2018 மார்ச் 11 அன்று இந்த மலையில்தான் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ சரிவு ஏறும்போது அதன் அனலே மேலே உள்ள புல்லைச் சுட்டுப் பற்ற வைத்துக்கொண்டு போகும், மேல்நோக்கி ஓடி அதை முந்த முடியாது. மலை பழகியவர் புல்லை விட்டு விலகிப் பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து கருகிய இடத்துக்கோ போகப் பார்ப்பார். புதியவருக்கு அந்த நேரத்தில் அது தோன்றாது, அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அதன் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது, 2024-இல் 40 பாதைகளுக்கு இணையப் பதிவும் வந்தது, நல்ல விஷயம். ஆனால் இந்தச் சுற்று தமிழகம், கேரளம் என இரண்டு மாநிலத்தில் கிடக்கிறது. இரு வனத்துறையும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே அனுமதியாகக் கொடுக்க வேண்டும், அதுவும் இதே அளவு கடினமான மலைகளை ஏற்கெனவே நடந்தவர்களுக்கு மட்டும். வழிகாட்டியாகக் குரங்கணி, முதுவாக்குடி ஊர்களின் ஆட்களையே வையுங்கள், காற்று திரும்புவது அவர்களுக்குத் தெரியும். தீ பிடிக்கும் மாதங்களில் யார் சிபாரிசோடு வந்தாலும் அனுமதி இல்லை என்று அடிவாரத்திலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
போடிநாயக்கனூர்