வரலாறு படிக்கிற பிள்ளைக்குக் கல்வெட்டுப் படி எடுக்கத் தெரிய வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கலைக் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி என்று பேச்செடுத்தாலே கணினியும் ஆங்கிலமும்தான் நினைவுக்கு வருகின்றன. மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருவதற்காகத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் நல்ல திட்டம், எங்கள் பிள்ளைகளுக்குத் தேவையும்கூட. ஆனால் தமிழும் வரலாறும் படிக்கிறவர்கள் தங்கள் பாடத்தை வைத்தே ஒரு வேலை கற்றுக்கொள்ள இடம் வேண்டாமா? வேதியியலுக்கு ஆய்வகம் இருக்கிறது, எங்களுக்குக் கரும்பலகை மட்டும்தான்.

மதுரைப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் வரலாற்றுக் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். மாங்குளம் மலைக் கல்வெட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது என்று எழுதி மதிப்பெண் வாங்கும் மாணவர்கள் பலர், பஸ் ஏறினால் போய்விடக்கூடிய அந்த மலையைப் பார்த்ததே இல்லை. கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை பிரஷ்ஷால் தட்டித் தட்டி, அப்புறம் மை ஒற்றிப் படி எடுப்பதை ஒரு தடவை கையால் செய்துவிட்டால் அந்தப் பாடம் ஆயுளுக்கும் மறக்காது. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகரமா ஏகாரமா என்று தெரியாது, சீர் சரியாக வருகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தேர்வுக்காக மட்டுமே படிப்பதாக மாணவர்கள் நினைக்கும் யாப்பு அங்கே வேலைக்கு ஆகிறது.

இப்படிப் பயிற்சி கொடுக்க இடத்துக்குப் பஞ்சமே இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகம், தஞ்சை சரசுவதி மகால், 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகம், மாவட்டந்தோறும் நூலகங்கள்.

சம்பளமில்லாத பயிற்சி என்றால் மட்டும் வேண்டவே வேண்டாம். வகுப்பு முடிந்ததும் ஜவுளிக்கடைக்கும் கேட்டரிங்குக்கும் ஓடுகிற பிள்ளைகள் இவர்கள், அந்தக் கூலியை விட்டுவிட்டு வர முடியாது. பஸ் கட்டணமும் மாத உதவித்தொகையும் கொடுத்து, மதிப்பெண்ணிலும் சேர்க்க வேண்டும். சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். என் மாணவி ஒருத்தி ஓர் அலுவலகத்துக்குப் பயிற்சிக்குப் போனாள், முழுக்க ஜெராக்ஸ் எடுக்கவிட்டுச் சான்றிதழை நீட்டிவிட்டார்கள். அதை வாங்கி அவள் என்ன செய்வாள்?

உயர்கல்வித் துறையும் தொல்லியல் துறையும் உட்கார்ந்து பேசி, வரும் கோடை விடுமுறையில் ஒரே ஒரு மாவட்டத்திலாவது தொடங்கட்டும். மதுரை என்றால் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வர நான் தயார்.

இப்படிக்கு,
கௌரவ விரிவுரையாளர், மதுரை மாவட்டம்