கசிவை அடைத்தாயிற்று, ஈரத்தை யார் எடுப்பது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். குழாய் உடைந்தால் கூப்பிடுகிறீர்கள், வந்து சரிசெய்து தருகிறோம். "ஊறிப்போன சுவரையும் தரையையும் யார் காயவைப்பது?" என்ற கேள்வி அப்புறம்தான் வருகிறது. அது எங்கள் தொழில் இல்லை. அதற்காக, ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும். சுவருக்குள்ளும் தரைப் பலகைக்கு அடியிலும் இறங்கிய ஈரம் அங்கேயே இருக்கும். 24 முதல் 48 மணி நேரத்திலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கலாம் என்பதால், ஆள் தேட நிறைய அவகாசமும் இல்லை.

இந்த வேலைக்குப் பல நாடுகளில் மதிக்கப்படும் சான்றிதழ், 1972-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஐ.ஐ.சி.ஆர்.சி. (IICRC) என்ற அமைப்பு தருவது. நீர்ச்சேதத்தை எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்பதற்கு 'எஸ்500' என்ற தரநெறியை வெளியிடுவதும் அதுதான். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: நிறுவனத்துக்கு ஒரு சான்று, வேலை செய்கிறவருக்குத் தனியாக ஒரு சான்று. விளம்பரத்தில் முத்திரை பளபளக்கும்; வீட்டுக்கு வருகிறவர் பயிற்சியே பெறாதவராக இருப்பார். அதனால், "வரப்போகிறவரிடம் டபிள்யூ.ஆர்.டி. (WRT) சான்று, அதாவது நீர்ச்சேதத்தைச் சரிசெய்யும் பணியாளருக்கான சான்று, இருக்கிறதா?" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். நிறுவனத்தின் பெயரை அந்த அமைப்பின் இணையதளத்திலும் தேடிப் பாருங்கள்.

வேலை தெரிந்தவர் முதலில் கேட்பது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைத்தான். குடிநீர்க் குழாயிலிருந்து வந்தது முதல் வகை, துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து வழிந்தது இரண்டாம் வகை, சாக்கடை நீரும் வெள்ள நீரும் மூன்றாம் வகை. நல்ல தண்ணீரும் தேங்கிக் கிடந்தால் கெட்டு அடுத்த வகைக்குப் போய்விடும். சாக்கடை நீரில் ஊறிய கம்பளத்தைக்கூட அலசிக் காயவைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடலாம். அது தூக்கிப்போட வேண்டிய பொருள்.

அடுத்தது அளவு. கையால் தொட்டுப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்பது கணக்கில் சேராது. நனையாத இடத்தில் அதே வகைச் சுவரையோ மரத்தையோ ஈரமானியால் அளந்து, நனைந்த இடமும் அந்த அளவுக்கு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். தினமும் எடுத்த அளவுகளை எழுதி உங்களிடம் கொடுக்க வேண்டும். சிலர் வெப்பக் கேமராவைக் காட்டி அசத்துவார்கள். நல்ல கருவிதான், ஆனால் அது காட்டுவது வெப்பநிலை வித்தியாசத்தை மட்டுமே. ஈரத்தை உறுதி செய்ய ஈரமானிதான் வேண்டும்.

காப்பீடு இருந்தால், எதையும் பெயர்ப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். காயவைக்க வருகிறவர்கள், இழப்பீட்டு உரிமையையே தங்களுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லும் தாள் ஏதாவது நீட்டினால், படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

யாரையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை, கமிஷனும் வாங்குவதில்லை. உங்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும்: குழாய்க்காக நாங்கள் உடைத்த சுவரை அன்றைக்கே பூசித் தரச் சொல்லாதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது பூசினால் அது வெளியேற வழியில்லாமல் போய்விடும். காய்ந்ததற்கான அளவுத் தாள் கைக்கு வந்ததும் சொல்லுங்கள், வந்து பூசித் தருகிறோம். அந்த வருகைக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

அன்புடன்,
உங்கள் குழாய்ப் பணியாளர்கள்