என் தேதிகளைக் காத்துத் தந்தவர்களுக்கு

ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களுக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் விழாக் கமிட்டியாருக்கும் என் பணிவான வணக்கம்.

கடந்த பங்குனியில், நாடகத் தேதிகள், அதாவது நடிக்க ஒப்புக்கொண்ட நாட்கள், நெருக்கமாக விழும் காலத்தில், நாரதர் வேடம் போடும் எனக்குக் குரல் அடைத்துப் போனதும், தேறும்வரை பாடவோ உரக்கப் பேசவோ கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டதும் உங்களில் பலருக்குத் தெரியும். பங்குனி முதல் வைகாசி வரை கோயில் திருவிழாக்களில் ஈட்டுவதைக் கொண்டே மற்ற மாதங்களையும் ஓட்டவேண்டிய தொழில் இது. அப்போது எனக்குக் கைகொடுத்தவர்கள் பிழைப்பில் எனக்கு நேர்ப் போட்டியாக இருப்பவர்கள் என்பதால், இந்த நன்றியை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்கள் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. மதுரையிலிருந்து ராஜபார்ட் (கதாநாயகன்), திண்டுக்கல்லிலிருந்து ஸ்திரீபார்ட் (கதாநாயகி), காரைக்குடியிலிருந்து பபூன் (கோமாளி) என்று பல ஊர்க்காரர்கள் அன்றிரவு மேடைக்குப் பின்னால்தான் சந்திக்கிறோம். 1922இல் மறைந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பொதுச் சொத்தாக இருப்பதால் விடியும்வரை நாடகம் நடந்துவிடுகிறது. ‘வள்ளி திருமண’த்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் மட்டும் எதிராளி என்ன கேட்பார் என்று முன்கூட்டித் தெரியாது, அங்கே விட்டுக்கொடுத்தால் கூட்டம் எழுந்து போய்விடும். ஆகவே போட்டியே கூடாது என்று சொல்பவன் அல்லன் நான். சம்பளத்தைக் குறைத்துப் பேசி அடுத்தவர் தேதியைப் பறிப்பதைத்தான் போட்டி என்று ஏற்க மறுக்கிறேன். (அப்படிச் செய்பவர்களும் உண்டு, நன்றி மடலில் அவர்களுக்கு இடமில்லை.)

முதல் நன்றி, என் தேதிகளில் நாரதராக நின்ற இளையவருக்கு. நோட்டீஸில் ஒருவர் படம் இருக்க வேறொருவர் மேடையேறுவதை எந்த ஊரும் எளிதில் ஏற்காது. அவர் ஒவ்வோர் ஊரிலும் கூட்டத்திடம் காரணத்தை விளக்கி, என் பெயரைச் சொல்லி வணங்கிவிட்டே பாடத் தொடங்கினாராம். அடுத்த ஆண்டும் நீங்களே வாருங்கள் என்று அட்வான்ஸ் நீட்டியவர்களிடம், “இது அண்ணனுடைய தேதி, அவரிடமே பேசுங்கள்” என்று சொல்லிவிட்டார். சம்பளத்தில் பஸ் செலவு போக மீதியை என் வீட்டுக்கு அனுப்பினார். அவரைவிட நான் நன்றாகப் பாடுவேன் என்றே இன்றும் நினைக்கிறேன். அது வேறு விஷயம்.

அடுத்து, நான் திரும்பிவந்த நாடகத்தில் வள்ளியாக நடித்த அம்மையாருக்கும் ஆர்மோனியக்காரருக்கும். ஐந்து கட்டைச் சுருதியில் பாடிப் பெயரெடுத்த அம்மையார், என் தொண்டைக்காக நான்கு கட்டைக்கு இறங்கிப் பாடச் சம்மதித்தார். கீழ்ச் சுருதியில் தம் குரல் எடுபடாது, கைதட்டல் குறையும் என்று தெரிந்தே அதைச் செய்தார். என் மூச்சு தளர்ந்த இடங்களிலெல்லாம் ஆர்மோனியக்காரர் பாட்டைத் தாம் எடுத்துக்கொண்டு, நான் நிறுத்தியதே வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார். ஆனால் தர்க்கத்தில் அம்மையார் எனக்குத் துளியும் இரக்கம் காட்டவில்லை; அவர் அடுக்கிய கேள்விகளில் நான் திணறித்தான் போனேன். அதற்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். நோயாளி என்று அவர் விட்டுக்கொடுத்திருந்தால், இனி இவரை அழைப்பதில் பயனில்லை என்று ஊரார் அன்றே முடிவு கட்டியிருப்பார்கள்.

மாற்று நாரதரை மனமுவந்து ஏற்ற கமிட்டியாருக்கும், தேதிகளைக் கலைக்காமல் காத்த ஏஜென்ட்டுகளுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

இளையவர் அனுப்பிய தொகையைத் திருப்பிக் கொடுக்க முயன்றேன். அவர் வாங்க மறுத்துவிட்டார். ஆகவே அதை எங்கள் நடிகர் சங்கச் செயலாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன். சீசன் நடுவே உடல் நலிந்து தேதியை இழக்க நேரும் கலைஞர்கள், எந்த ஊர்ச் சங்கத்தைச் சேர்ந்தவராயினும், தயங்காமல் அவரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
நாரதர் வேடம் ஏற்கும் நடிகன்,
புதுக்கோட்டை.