எஃப்1 அழுத்தினால் பதில் வர வேண்டும்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் நலம்.

இனி நீ கேட்ட விஷயம். இணையமே இல்லாத அந்த ஆபீஸ் இயந்திரத்தில், நிரல் எழுதும் மென்பொருளான க்யூட்டி கிரியேட்டருக்குள் எஃப்1 தட்டினால் சி++ நிரல்மொழியின் நூலக (ஆயத்த நிரல் தொகுப்பு) உதவியும் உங்கள் சொந்த நூலகத்தின் உதவியும் வர வேண்டும், அவ்வளவுதானே? வரும்.

இந்த உதவியெல்லாம் க்யூசிஎச் என்ற வகைக் கோப்பில் அடங்கியிருக்கும். பெயர்தான் புதிது, உள்ளே இருப்பது சாதாரண எஸ்க்யூலைட் தரவுத்தளம். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில், சிபிபி ரெஃபரன்ஸ் என்ற சி++ தளத்தின் உதவிக்கான க்யூசிஎச் தனிப் பொதியாகவே கிடைக்கும். நான் பார்த்த பொதியின் பதிப்பு எண் 20170409, அதாவது 2017 ஏப்ரல் பிரதி. வெக்டர், மேப் போன்ற பழைய நூலகப் பகுதிகள் எல்லாம் இருக்கும். சி++20-இல் வந்த ஸ்பேன், ஃபார்மட் இருக்காது. அவற்றுக்கு எஃப்1 வெறுமையாக நின்றால் அமைப்பில் பிழை தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

சேர்ப்பது சுலபம். எடிட் மெனுவில் ப்ரிஃபரன்ஸஸ், அதில் ஹெல்ப், அதில் டாக்குமென்டேஷன் தாவல், பிறகு ஆட். பழைய பதிப்பு என்றால் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ். கோப்பை முதலில் நிரந்தரமான இடத்தில் வைத்துவிட்டுச் சேர். கிரியேட்டர் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொள்வதில்லை, பாதையை மட்டுமே குறித்துக்கொள்கிறது. டவுன்லோட்ஸ் அடைவிலிருந்து சேர்த்துவிட்டு அடுத்த வாரம் அந்த அடைவைத் துடைத்தால் உதவியும் கூடவே போய்விடும். ஃப்ளாட்பேக்கில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் முறை) நிறுவிய கிரியேட்டர் என்றால் இன்னொரு சிக்கல்: அதன் கண்ணுக்குத் தெரியும் யூஎஸ்ஆர் அடைவு உன் இயந்திரத்துடையது அல்ல, ஃப்ளாட்பேக்கின் சொந்த அடைவு. கோப்பை உன் ஹோம் அடைவுக்கு நகலெடுத்துவிட்டு அங்கிருந்து சேர்.

உங்கள் சொந்த நூலகத்துக்கு, நிரலின் கருத்துரைகளிலிருந்து உதவிப் பக்கங்கள் செய்யும் டாக்ஸிஜன் போதும். அதன் அமைப்புக் கோப்பான டாக்ஸிஃபைலில் ஜெனரேட்_எச்டிஎம்எல், ஜெனரேட்_க்யூஎச்பி இரண்டுக்கும் எஸ் கொடு. க்யூசிஎச்_ஃபைலில் எழுதும் பாதை எச்டிஎம்எல் வெளியீட்டு அடைவிலிருந்து கணக்கிடப்படும். அதை மறந்துவிட்டு வேறெங்கோ கோப்பைத் தேடுகிறவர்கள் உண்டு. க்யூஎச்ஜி_லொகேஷனில், க்யூசிஎச் கோப்பை உருவாக்கும் நிரலான க்யூஹெல்ப்ஜெனரேட்டரின் முழுப் பாதையையும் எழுது. அதைக் காலியாக விட்டால் டாக்ஸிஜன் க்யூஎச்பி (க்யூசிஎச் உருவாக்கத் தேவையான மூலக் கோப்பு) வரை செய்துவிட்டு நின்றுவிடும், க்யூசிஎச் பிறக்காது. லினக்ஸில் க்யூட்டி 6 என்றால் அந்த நிரலை 'பின்' (bin) என்ற அடைவில் தேடாதே, லிப்எக்ஸெக் அடைவில் பார்.

எல்லோரும் வழுக்கி விழும் இடம் க்யூஎச்பி_நேம்ஸ்பேஸ், அதாவது உதவிக் கோப்புக்குள் பதியும் அடையாளப் பெயர். மாற்றாமல் விட்டால் அதன் மதிப்பு 'ஆர்க்.டாக்ஸிஜன்.ப்ராஜெக்ட்'. உங்களிடம் இரண்டு நூலகங்கள் என்றாய். இரண்டிலும் இதே பெயர் இருந்தால் முதலாவது ஏறிவிடும், இரண்டாவதைச் சேர்க்கும்போது 'நேம்ஸ்பேஸ் ஆல்ரெடி ரெஜிஸ்டர்ட்' என்று மறுக்கும். கோப்பின் பெயரை மாற்றிப் பயனில்லை, ஏனென்றால் கிரியேட்டர் பார்ப்பது உள்ளே இருக்கும் பெயரை. சந்தேகம் வந்தால் எஸ்க்யூலைட் நிரலில் க்யூசிஎச்சைத் திறந்து நேம்ஸ்பேஸ்டேபிள் என்ற அட்டவணையைப் பார், ஒரே வரியில் தெரிந்துவிடும். ஆளுக்கொரு பெயர் கொடுத்து மறுபடி உருவாக்கு. 'இன்வாலிட் டாக்குமென்டேஷன் ஃபைல்' என்று வந்தால் கதை வேறு: க்யூசிஎச்சுக்குப் பதில் க்யூஎச்பியையோ, பிரிக்காத ஜிப்பையோ கொடுத்திருப்பாய்.

இன்னொன்று, டாக்ஸிஃபைலில் ஜெனரேட்_ட்ரீவ்யூ, சர்ச்எஞ்சின் இரண்டையும் நோ ஆக்கிவிடு. கிரியேட்டரின் லைட்எச்டிஎம்எல் காட்சிப் பகுதி ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டாது. இடப்பக்க மரமும் தேடல் பெட்டியும் வேலை செய்யாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும்.

எல்லாம் சேர்த்த பிறகும் எஃப்1 சும்மா இருந்தால், ஆவணத்தைக் குறை சொல்லுமுன் சுட்டியை உதவி வேண்டிய செயற்கூற்றின் (ஃபங்ஷன்) மேல் கொஞ்சம் நிறுத்து. மிதந்து வரும் குறிப்பான டூல்டிப்பில் எஃப்1 சின்னம் இருந்தால் உதவிப் பக்கம் கிடைத்துவிட்டது, கோளாறு விசைப்பலகையில். மடிக்கணினியாக இருந்தால் எஃப்1 ஒலியை நிறுத்திக்கொண்டிருக்கும், எஃப்என் சேர்த்து அழுத்து. டூல்டிப்பே வரவில்லை என்றால் கிரியேட்டருக்கு அந்தப் பெயர் யாருடையது என்றே புரியவில்லை. ஹெடர் கோப்புகள் இருக்கும் பாதை விட்டுப்போயிருக்கும், அல்லது கிட் (கம்பைலர், க்யூட்டி பதிப்புத் தேர்வு) தவறாக இருக்கும். முதலில் அதைச் சரிசெய். டூல்டிப் வந்து சின்னம் மட்டும் இல்லை என்றால் ஆவணத்தில் அந்தப் பெயரே இல்லை. டாக்ஸிஜனில் எக்ஸ்ட்ராக்ட்_ஆல் இயல்பாக நோ. கருத்துரை எழுதாத செயற்கூறுகளை அது விட்டுவிடும். அதை எஸ் ஆக்கலாம்தான், ஆனால் பக்கம் பக்கமாக வெறும் பெயர்ப் பட்டியல் வரும். கருத்துரை எழுதவைப்பதே மேல் என்பேன், உன் குழுவினர் திட்டினாலும்.

பட்டியலில் தெரிந்த ஆவணங்கள் திடீரென்று காணாமல் போனால், கிரியேட்டரை மூடிவிட்டு அதன் அமைப்பு அடைவில் உள்ள ஹெல்ப்கலெக்‌ஷன்.க்யூஎச்சி கோப்பின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி திற. புதிதாக ஒன்று உருவாகும். நீ கையால் சேர்த்தவை வந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்.

இரண்டாவது நூலகம் ஏறியதும் ஒரு வரி போடு. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரகு