மான்கன்றுப் படங்களுக்குப் பரிசு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைச் சிறப்பிதழில் வந்த மான் படங்களை ஆவலோடு பார்த்தேன். முதல் பரிசு பெற்ற படம் மட்டும் மனத்தை உறுத்துகிறது. புல்லுக்குள் சுருண்டு கிடக்கும் கன்றின் இமைமயிரை எண்ணிவிடலாம், அவ்வளவு கிட்டத்தில் எடுத்திருக்கிறார்கள்.

பிறந்த புதிதில் மான்கன்றுக்கு ஓடிப் பிழைக்கும் வலு கிடையாது. ஆள் நெருங்கினால் அசையாமல் ஒடுங்கிக்கொள்ளும், இதயத்துடிப்புகூடத் தாழ்ந்துவிடும். படத்தில் அமைதி போலத் தெரிவது அச்சம். தாய் வேண்டுமென்றேதான் விலகி மேய்கிறது. கன்றின் உடம்பில் வாடை மிகக் குறைவு. தாய் பக்கத்திலேயே நின்றால் அதன் வாடையே வேட்டை விலங்குகளுக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அவ்வப்போது வந்து பாலூட்டிவிட்டுப் போகும். நாம் அங்கே நின்றுகொண்டிருந்தால் அது வராது, கன்று பசியோடு கிடக்கும். தாயற்ற கன்று என்று இரக்கப்பட்டுத் தூக்கி வருபவர்கள் பெரும்பாலும் தாயுள்ள கன்றைத்தான் பிரித்துக்கொண்டு வருகிறார்கள்.

வளர்ந்த மான்களின் படங்களிலும் ஒரு குறை உண்டு. காதுகளை முன்னே குவித்து கேமராவை உற்றுப் பார்க்கும் மான், மேய்ச்சலை விட்டுவிட்ட மான். அடுத்து முன்னங்காலால் தரையைத் தட்டும், பிறகு பாய்ந்தோடும். காலைத் தட்டும்போதே பின்வாங்கிவிட வேண்டும். கடும் வெயிலில் விரட்டப்படும் மான் தசை சிதைந்து, நாம் வீடு திரும்பிய பிறகு எங்கோ விழுந்து சாகக்கூடும். துரத்தியவருக்கு அது தெரியவே தெரியாது.

கோடையில் வளரும் கொம்பை மூடியிருக்கும் மென்தோலைப் படத்தில் பார்க்க எனக்கும் ஆசைதான். அதற்குத் தூரத்திலிருந்தே பெரிதாகப் படமெடுக்கும் 400 மி.மீ. லென்ஸும் விடியற்காலைப் பொறுமையும் போதும். காற்று மான் பக்கமிருந்து நம் பக்கம் வீசும்படி உட்கார்ந்துகொள்ள வேண்டும். சிவப்பையும் ஆரஞ்சையும் மான்கள் சரியாகப் பிரித்தறிவதில்லை, நீலம் அவற்றின் கண்ணில் நன்றாகப் படும். ஆகவே நீலச் சட்டை வேண்டாம். எந்த நிறம் உடுத்தினாலும் அசைவுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். படுத்திருக்கும் கன்றை அருகில் சென்று எடுத்த படங்களையும், ட்ரோனைத் தாழப் பறக்கவிட்டு எடுத்த படங்களையும் இனி ஏற்காதீர்கள். வெளியிடும் படங்களின் கீழே எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த லென்ஸில் எடுத்தது என்று குறிப்பிடுங்கள். அடுத்த போட்டிக்கான அறிவிப்பிலேயே இந்த விதிகள் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்