போன வருடம் வாங்கிய புத்தகத்துக்கும் ஒரு பந்தல் போடுங்கள்

சேலம் புத்தகத் திருவிழாவை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். அடுத்த திருவிழாவுக்குத் திட்டம் போட நீங்கள் உட்காரும்போது, இங்கே ஏற்கெனவே வாங்கிப்போன புத்தகங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா என்று அரசு 2022இல் அறிவிப்பதற்கு முன்னால், நல்ல புத்தகம் வேண்டுமென்றால் ஜனவரியில் சென்னைக்கோ ஆகஸ்டில் ஈரோட்டுக்கோ போய்வந்த சேலத்துக்காரர்கள் நிறையப் பேர். இன்று டவுன் பஸ் ஏறி இறங்கினால் போதும், ஒரே பந்தலுக்குள் அத்தனை பதிப்பகங்கள். வரிசையில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்கள் கையில் மடித்துப் பிடித்திருக்கும் ரூபாய் நோட்டு, பத்து சதவீதத் தள்ளுபடி, மாலைப் பேச்சு எல்லாமே எனக்குப் பிடிக்கும். உங்கள் உழைப்புக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

திருவிழா முடிந்ததும் எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவுக்கு விற்றது என்று செய்தி வருகிறது. அப்புறம் அந்தப் புத்தகங்கள் என்ன ஆயின என்று யாரும் கேட்பதில்லை. செவ்வாய்ப்பேட்டையிலும் அம்மாபேட்டையிலும் அஸ்தம்பட்டியிலும் எனக்குத் தெரிந்த வீடுகளில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பெயரும் வாங்கிய தேதியும் எழுதியிருக்கும், உள்ளே பில் அப்படியே இருக்கும். பக்கங்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புதிதாகவே இருக்கும். அலமாரி நிறைந்து, பீரோ மேலே ஏறி, பரணுக்குப் போனவையும் உண்டு. படிக்க ஆசைப்பட்டு வாங்கியவர்கள்தான் எல்லோரும். அந்த ஆசை பந்தலைத் தாண்டியும் உயிரோடு இருக்க ஊர் என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை நம் ஊருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு என்று நினைக்கிறேன். 1880இல் உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியர். அந்த ஊருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார். பார்க்கப் போன ஐயரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரிக்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று பெரிய பட்டியலையே ஐயர் ஒப்பிக்கிறார். முதலியாருக்கு அது போதவில்லை. சீவக சிந்தாமணி படித்தீர்களா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்தீர்களா என்று கேட்கிறார். பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட மாணவருக்கே அவை படிக்காத நூல்கள். முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஏழு ஆண்டு கழித்து, 1887இல், சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததற்கு அந்தச் சந்திப்புதான் தொடக்கம். அந்த நூல்களின் ஏடுகள் அதற்கு முன்பும் மடங்களிலும் புலவர் வீடுகளிலும் இருந்தன. எடுத்துப் படிக்கச் செய்ய ஒருவர் கேட்க வேண்டியிருந்தது. கேட்டவர் பெயரில் நம் ஊர் இருக்கிறது. சேலத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவும் அதே கேள்வியை வருகிறவர்களிடம் கேட்டால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்!

இன்னொரு அவசரமும் இருக்கிறது. படிக்காத புத்தகம் அப்படியே காத்திருக்கும் என்று நினைக்கிறோம். அது காத்திருப்பதில்லை. பழைய மலிவுப் பதிப்புகளின் தாள் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள அமிலம் தாளைத் தானே அரிக்கும், வெயிலும் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. நம் ஊர் ஏப்ரல் மாதத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருடத்துக்கு முந்தைய புத்தகத்தின் ஓரத்தை மடித்தால் ஒடிகிறது. மேலே ஏற்காட்டில் வேறு மாதிரி. மழையும் மூடுபனியும் உள்ள மாதங்களில் சுவரை ஒட்டிய அலமாரியில் பூஞ்சை பிடித்துவிடும். ராமபாணப் பூச்சிக்கு பைண்டிங்கில் தடவும் மாவுப்பசை என்றால் உயிர். யாரும் கை வைக்காத, இருட்டான, காற்றில்லாத இடம்தான் அதற்கு வேண்டும். வசம்பும் வேப்பிலையும் வைக்கலாம், அந்துருண்டை போடலாம். ஆனால் அடிக்கடி எடுத்து, பிரித்து, பக்கம் புரட்டுகிற புத்தகத்தில் பூச்சி குடியிருப்பது கஷ்டம். படிப்பதே பாதுகாப்பு என்று நான் சொல்வது அதனால்தான்.

நான் இப்போது என் அலமாரியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், ரொம்பப் பழையதிலிருந்து. மாஸ்கோவில் அச்சாகித் தமிழ்நாட்டில் மலிவாகக் கிடைத்த ரஷ்ய மொழிபெயர்ப்புகள், சித்தப்பா கொடுத்துப்போன கட்டுரைத் தொகுதிகள், திருமணத்துக்கு வந்த அன்பளிப்புகள். அவற்றில் ஏரிப் பாசனம் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று. வாங்கிய வயதில் எனக்கு அதில் ஒன்றும் பிடிபட்டிருக்காது. மதகு, கலிங்கு, வரத்து வாய்க்கால், நீர்ப்பிடிப்பு என்று போகும். இப்போது படித்தபோது ஒவ்வொரு பக்கத்திலும் கன்னங்குறிச்சி மூக்கனேரி கண் முன்னால் வந்தது. சேர்வராயன் மலையில் பெய்யும் மழைக்குக் கீழே காத்திருக்கும் ஏரி அது. 2010 வாக்கில் ஊர்க்காரர்களே முன்னின்று தூர் வாரி, நடுவே மண் திட்டுகள் போட்டு மரம் வைத்தார்கள். வரத்து வாய்க்காலை மறித்து வீடு கட்டினால் ஏரிக்கு என்ன ஆகும், மிகுநீர் வழிந்தோடும் கலிங்கு ஏன் அந்த உயரத்தில் இருக்க வேண்டும், வண்டல் எடுப்பதில் எது நல்லது எது கெட்டது என்று எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. மூக்கனேரியிலிருந்து கொஞ்ச தூரத்தில், என் வீட்டிலேயே இத்தனை வருடம் இருந்திருக்கிறது. முடித்த மறுவாரம் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, கரையில் நடக்கும்போது ஷட்டர் பக்கம் நின்று நின்று எனக்கு விளக்குகிறார்.

எல்லாப் புத்தகமும் இப்படி அமையும் என்று சொல்லமாட்டேன். சிலவற்றை ஐம்பது பக்கத்தில் மூடி வைத்தேன். அவை வேறு யாருக்கோ உரியவை. சீர்காழியில் பிறந்து நூலகத் துறைக்கே இலக்கணம் வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. வீட்டு அலமாரிக்கும் இவை பொருந்தும்.

சரி, நான் கேட்பது இதுதான். திடலில் ஒரு சிறிய பந்தலை விற்பனைக்கு இல்லாமல் ஒதுக்குங்கள். மின்விசிறியும் நல்ல வெளிச்சமும் நாற்காலிகளும் இருந்தால் போதும், ஒலிபெருக்கி அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தால் போதும். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய புத்தகத்தை அங்கே உட்கார்ந்து படிக்கட்டும். மாலை மேடையில் பெரிய பேச்சாளர் வருவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நம் ஊர் வாசகர்களுக்குக் கொடுங்கள். பட்டறைக்காரரோ, நெசவாளரோ, பஸ் கண்டக்டரோ, கல்லூரி மாணவியோ, முந்தைய திருவிழாக்களில் வாங்கி இப்போதுதான் படித்த புத்தகத்தைப் பற்றி அவரவர் மொழியில் பேசட்டும். மேடைக்குப் பயந்து யாரும் வரமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். புத்தகத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் தவிப்பவர்கள் இந்த ஊரில் நிறைய. மூன்றாவதாக, படிக்கப்போவதில்லை என்று தெரிந்த புத்தகங்களைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ள ஒரு மேசை. மீந்ததை மாவட்ட மைய நூலகத்தோடு பேசி, ஏற்காட்டு மலைக் கிராமங்களின் பள்ளிகளுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் அனுப்பலாம். கிழிந்ததையும் பழைய கைடுகளையும் தள்ளிவிடும் இடமாக அது ஆகிவிடக் கூடாது. மேசையில் புத்தகம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்த்து வாங்க வேண்டும்.

விற்பனை குறையுமோ என்று பதிப்பாளர்களுக்குத் தோன்றலாம். அவர்கள் கவலை நியாயமானது. தமிழில் சிறு பதிப்பகம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்று எனக்கும் தெரியும். ஆனால் வாங்கியது படிக்காமல் கிடக்கிற வீட்டில் ஒரு கட்டத்தில், இடமில்லை, இனி புத்தகமே வேண்டாம் என்று முடிவாகிவிடுகிறது. படித்து முடித்தவர் அடுத்ததைத் தேடி அதே ஸ்டாலுக்கு வருவார். படிக்காத புத்தகம் வீட்டில் இருப்பதும் நல்லதுதான், பிள்ளைகள் கண்ணிலாவது படும் என்பவர்களையும் நான் மறுக்கவில்லை. அப்பாவோ அம்மாவோ அதை எடுத்துப் படிப்பதும் அந்தப் பிள்ளையின் கண்ணில் பட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இதற்குப் பெரிய செலவு ஆகாது. பந்தலில் நாற்காலி போடவும், பேசுகிறவர்களின் பெயர் எழுதவும், மாற்று மேசையில் உட்காரவும் நான் வருகிறேன். என்னோடு வரத் தயாராக இருப்பவர்களும் இருக்கிறார்கள். திருவிழாத் தேதி முடிவாவதற்கு முன்பே ஒரு நாள் நேரம் கொடுத்தால், நேரில் வந்து பேசுகிறோம்.

அன்புடன்,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி