பாடகிக்குப் பின்னால் நிற்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. "பாடுறவங்களுக்குத்தாம்மா கைத்தட்டல். நான் ஊதுற சாக்ஸபோன் யார் காதுல விழுது?" என்று கேட்டாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை.

நீ இங்கே இருந்தபோது கேட்ட ஜாஸ் பாட்டுகளை நான் இன்னும் விடவில்லை. காலையில் காய் நறுக்கும்போது அமெரிக்கப் பாடகி பில்லி ஹாலிடே பாடிக்கொண்டிருப்பார். லெஸ்டர் யங் சாக்ஸபோன் ஊதாத பாட்டு வந்தால் இப்போதெல்லாம் எனக்கே தெரிந்துவிடுகிறது, ஏதோ குறைகிறது என்று.

1937 ஜனவரியில் நியூயார்க்கில் இருவரும் முதல்முறையாகச் சேர்ந்து இசைத்தட்டுக்குப் பதிவு செய்தார்கள். பில்லிக்கு 21 வயது, லெஸ்டருக்கு 27. அந்த ஜூனில் பதிவான பாட்டு ஒன்று, நிலவில் போகும் பாய்மரப் படகைப் பற்றியது. ஹெட்போன் போட்டுக் கேள். பில்லி ஒரு அடியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் லெஸ்டர் நாலைந்து சுரம் ஊதுகிறார். அடுத்த அடி தொடங்கியதும் நிறுத்திவிடுவதில்லை, ஒலியைத் தணித்துக்கொண்டு கூடவே வருகிறார். பில்லி தாளத்துக்குச் சற்றுப் பிந்தியே சொல்லை வைப்பவர். அந்தப் பிந்தல் எவ்வளவு என்று லெஸ்டருக்குத் தெரிந்திருக்கிறது. ஓரிடத்தில்கூட இருவரும் முட்டிக்கொள்ளவில்லை.

ஒரு பாட்டை வாசிக்குமுன் அதன் வரிகள் தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தவர் லெஸ்டர். பில்லியோ தான் பாடுவதே ஒரு ஊதுகருவியை வாசிப்பது போலத்தான் என்று சொன்னவர், லெஸ்டரைப் போல வாசிக்கப் பார்க்கிறேன் என்றவர். யார் யாருக்குப் பக்கவாத்தியம், நீயே சொல்.

'லேடி டே' என்று பில்லியை அழைத்தவர் லெஸ்டர். பில்லி அவரை 'பிரெஸ்' என்பார், பிரெசிடென்ட் என்பதன் சுருக்கம். தங்கியிருந்த விடுதி அறையில் எலி தொல்லை என்று லெஸ்டர் கொஞ்ச காலம் பில்லி வீட்டிலேயே, பில்லியின் அம்மாவோடு சேர்ந்து குடியிருந்தார். அந்த அம்மாவுக்கும் 'டச்சஸ்', அதாவது சீமாட்டி, என்று ஒரு பட்டம் வைத்தாராம். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் காலம் இருவரையும் நன்றாகவே அடித்துப்போட்டது. ராணுவத்தில் லெஸ்டர் தண்டனை பெற்று மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார், பிறகு குடி. பில்லியைப் போதை மருந்து பிடித்துக்கொண்டது. இருவருக்கும் நடுவே பேச்சும் குறைந்துபோயிருந்தது என்பார்கள்.

1957 டிசம்பரில் தொலைக்காட்சி நேரலை ஒன்றில் சந்தித்தார்கள். அந்தப் படம் இணையத்தில் இருக்கிறது. லெஸ்டர் எழுந்து நின்று ஊதுகிறார், ஒரு நிமிடம்கூட இல்லை. விரல் வேகத்தைக் காட்டவில்லை, எண்ணி எடுத்த சில சுரங்கள்தான். நீ அப்போது பில்லியின் முகத்தைப் பார். தலை மெல்ல ஆடுகிறது, உதட்டில் சிரிப்பு. அந்தப் பாட்டில் அவர் பாடாமல் இருக்கும் நேரம் அது. நான் எத்தனை முறை பார்த்தாலும் அழுதுவிடுவேன்.

1959 மார்ச்சில் லெஸ்டர் போனார். ஜூலையில் பில்லியும்.

சரி, அடுத்த கச்சேரிக்கு முன், உங்களோடு பாடும் அந்தப் பெண்ணிடம் பாட்டு வரிகளைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள். வாசித்துவிட்டு, பதிவு செய்து எனக்கு அனுப்பு. உன் சாக்ஸபோன் என் காதில் விழும்.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா